என்.பி.ஏ. தரச்சான்று உண்டு என்று சேர்த்தார்கள். என் மகன் பிரிவுக்கு இல்லையாம்!

கேள்வி: பள்ளத்தூரில் இருக்கிறோம். 2024 ஆகஸ்டில் மகனைக் கோவைப் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் ஏ.ஐ. – டேட்டா சயின்ஸ் பிரிவில் சேர்த்தோம். சேர்க்கை மலரில் 'என்.பி.ஏ. அங்கீகாரம் பெற்ற கல்லூரி' என்று அச்சடித்திருந்தார்கள். இப்போது விசாரித்தால் மெக்கானிக்கல், சிவில் இரண்டுக்கும்தான் இருக்கிறதாம். மகன் படிக்கும் பிரிவே 2021இல்தான் தொடங்கியது. 'எங்கள் மாணவர்கள் ஐந்தாண்டில் தொழில்துறைத் தலைவர்களாக உயர்வார்கள்' என்று துறை வாசலில் பலகை வேறு. டிகிரி செல்லாதா? கட்டிய பணத்தைக் கேட்கலாமா? மகனுக்குச் சிங்கப்பூர் போகும் எண்ணம் இருக்கிறது.

பதில்: ஆச்சி, முதல் பயத்தை முதலில் விடுங்கள். டிகிரி செல்லும். தமிழில் எல்லாவற்றுக்கும் 'அங்கீகாரம்' என்ற ஒரே சொல்லைப் போட்டுவிடுவதால் வரும் குழப்பம் இது. கல்லூரி நடத்த ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) ஒப்புதல் வேண்டும், பட்டம் தரப் பல்கலைக்கழக இணைப்பு வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் பட்டத்துக்குக் குறையில்லை. என்.பி.ஏ. (தேசிய அங்கீகார வாரியம்) தருவது தரச்சான்று. அது இல்லாததால் பட்டம் பொய்யாகிவிடாது.

ஆனால் மலரில் போட்டது சரியா? இல்லை. கல்லூரி முழுமைக்கும் மதிப்பீடு செய்வது நாக் (NAAC) என்ற வேறொரு அமைப்பு. என்.பி.ஏ. ஒவ்வொரு பிரிவாகப் பார்த்து, குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டும் சான்று தரும். 'என்.பி.ஏ. பெற்ற கல்லூரி' என்று ஒன்று கிடையாது. அதைவிட முக்கியமாக, ஒரு பிரிவில் குறைந்தது இரண்டு செட் மாணவர்கள் படித்து முடித்த பிறகே அந்தப் பிரிவுக்கு விண்ணப்பிக்க முடியும். 2021இல் தொடங்கிய பிரிவில் முதல் செட் வெளியே வந்ததே 2025இல்தான். ஆக, நீங்கள் பணம் கட்டிய நாளில் உங்கள் மகன் பிரிவுக்கு என்.பி.ஏ. இருந்திருக்கவே முடியாது. இது கல்லூரிக்குத் தெரியாமல் இருக்குமா? உங்கள் கையில் இருக்கும் வலுவான சாட்சி இந்தக் கணக்குதான்.

எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்றும் சொல்லிவிடுகிறேன். 'இரண்டு பிரிவுக்கு இருக்கிறது, பொய் எதுவும் சொல்லவில்லை. என்.பி.ஏ. இணையதளத்தில் பட்டியல் இருக்கிறது, அவர்கள் பார்த்திருக்கலாமே' என்பார்கள். ஒப்பந்தச் சட்டத்தின் 19ஆம் பிரிவில் இந்த வாதத்துக்குக் கொஞ்சம் இடமும் உண்டு. கல்யாணத்துக்கே இசைகுடிமானம் என்ற ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்து வாங்கும் ஊர் நம்முடையது. காலேஜ் என்றால் மட்டும் மலரைப் பார்த்துப் பணத்தைக் கட்டிவிடுகிறோம்.

நுகர்வோர் வழக்கு பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன், சாலை மேடுபள்ளம்தான். கல்வி நிறுவனங்கள் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020இல் ஒரு தீர்ப்பில் சொன்னது. கல்லூரியின் வக்கீல் அதைத்தான் முதலில் நீட்டுவார். அதே சமயம், அங்கீகாரம் இருப்பதாக விளம்பரம் செய்து மாணவர்களைச் சேர்த்த பாட்னா பல் மருத்துவக் கல்லூரி ஒன்றின் வழக்கில், உச்ச நீதிமன்றம் 2009இல் மாணவர்கள் பக்கம் நின்றது. அங்கே அடிப்படை அங்கீகாரமே இல்லை. உங்களுக்கு இல்லாதது தரச்சான்று. அதனால் முழுக் கட்டணமும் திரும்பும் என்று எதிர்பார்க்காதீர்கள். தவறான விளம்பரத்துக்கு ஓரளவு இழப்பீடு கேட்பதே நியாயமாக நிற்கும்.

போடுவதென்றால் கோவைக்கு அலைய வேண்டாம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது சிவகங்கை நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது. கெடு இரண்டு ஆண்டு. உண்மை தெரிந்த நாளிலிருந்து எண்ணலாம் என்று வாதாட முடியும்தான், ஆனால் அதை நம்பி உட்கார வேண்டாம். 2026 ஆகஸ்டைத் தாண்டவிடாதீர்கள். மலர், ரசீதுகள், அட்மிஷன் ஆள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள் எதையும் அழிக்காதீர்கள்.

அதற்கு முன் கல்லூரியின் மாணவர் குறைதீர் குழுவுக்குத் தம்பி பெயரில் எழுத்தில் புகார் கொடுங்கள். சேர்க்கை மலரில் தவறான தகவல் தருவதையும் யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2023 விதிகள் குறையாகவே கொள்கின்றன. அங்கே தீரவில்லை என்றால் ஓம்புட்ஸ்மேன் எனும் குறைகேட்பு அதிகாரியிடம் போகலாம். போலீசில் மோசடிப் புகார் கொடுக்கும் யோசனை இருந்தால், இப்போதைக்கு வேண்டாம். பையன் இன்னும் அங்கேதான் படிக்க வேண்டும்.

அந்தப் பலகை விஷயத்துக்கு வழக்கு நிற்காது. அது கல்வி நோக்கம். படித்து முடித்துச் சில ஆண்டுகளில் மாணவர்கள் எந்த நிலைக்கு வர வேண்டும் என்று துறை தனக்கே வைத்துக்கொள்ளும் குறி. யாருக்கும் கொடுத்த உத்தரவாதம் ஆகாது. பட்டம் வாங்கும்போது மாணவருக்கு என்னென்ன செய்யத் தெரிய வேண்டும் என்பதற்குத் தனிப் பட்டியல் உண்டு. அதை எப்படி அளக்கிறார்கள், குறைந்தால் என்ன செய்கிறார்கள் என்று மதிப்பிட வரும் குழு கேட்கும். எழுதிவைத்த நோக்கத்துக்கு ஐந்தொகை (கணக்கு முடிப்பு) பார்ப்பது போலத்தான்.

இனி சிங்கப்பூர். மேல்படிப்புக்குப் போவதற்கும் சாதாரண வேலைக்கும் பெரும்பாலும் இதைக் கேட்க மாட்டார்கள். பதிவு பெற்ற பொறியாளர் ஆக நினைத்தால் பட்டத்தின் தரச்சான்று பேசும். பொறியியல் படிப்புகளின் தரச்சான்றை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ள வகைசெய்யும் வாஷிங்டன் உடன்படிக்கையில் 2014 ஜூனில் இந்தியா முழு உறுப்பினர் ஆனது. ஆனால் அந்த மதிப்பு என்.பி.ஏ.வின் டயர்-1 (முதல் அடுக்கு) சான்று பெற்ற பிரிவுகளுக்கு மட்டும்தான். தன்னாட்சி இல்லாத இணைப்புக் கல்லூரிகள் டயர்-2இல் வரும்; அதற்கு உடன்படிக்கையில் இடமில்லை.

தம்பி முடிப்பது 2028இல். இரண்டாவது செட் 2026இல் வெளியேறியதும் அவர்கள் விண்ணப்பிக்கலாம். அதற்குள் சான்று கிடைத்து, அந்த ஆண்டுகளுக்குள் தம்பி பட்டம் வாங்கினால் பலன் அவனுக்கும் உண்டு. ஆகவே பணத்தைக் கேட்கும் அதே கடிதத்தில் மூன்று கேள்விகளையும் சேருங்கள்: கல்லூரி தன்னாட்சி பெற்றதா, எந்த டயரில் விண்ணப்பிக்கப் போகிறீர்கள், எந்த மாதம்? பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள்.