மலையிறக்கத்தில் பிரேக்: கேள்வி பதில்

கொல்லிமலை, வால்பாறை, ஏற்காடு, கல்லட்டி என எந்த மலைப்பாதையானாலும் வண்டி இறக்குவது பற்றிக் கேளுங்கள். எந்த லாட்ஜ் நல்லது, எங்கே நின்று போட்டோ எடுக்கலாம் என்பதெல்லாம் என் துறை இல்லை.

சேலம்: அண்ணா, கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பாதி இறங்குவதற்குள் கருகல் வாடை. கடைசியில் பெடல் மெத்தென்று உள்ளே போய்விட்டது. பிரேக் பேட் மாற்றி மூன்று மாதம்தான் ஆகிறது.

பேட் மேல் தப்பில்லை. 1200 கிலோ கார் 1000 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளியேற வேண்டிய சக்தி, 35 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். காலை பெடலிலேயே வைத்து இறங்கினால் அத்தனை சூடும் பிரேக்கில்தான் ஏறும்.

சூட்டில் பிரேக் இரண்டு விதமாகக் கைவிடும். பேட் வழுக்கினால் பெடல் கெட்டியாக இருக்கும், வண்டி மட்டும் நிற்காது. பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி வந்தால் பெடல் உள்ளே போகும். உங்களுக்கு நடந்தது இரண்டாவது. டாட் 3 என்ற தர பிரேக் ஆயில் புதிதில் குறைந்தது 205 டிகிரி தாங்கும். காற்றின் ஈரத்தை உறிஞ்சிய பிறகு 140 வரை இறங்கிவிடும். டாட் 4-க்கு அதே கணக்கு 230, 155. பேட் மாற்றும்போது ஆயிலையும் மாற்றினார்களா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். இரண்டு வருடம் தாண்டிய ஆயிலோடு மலைக்குப் போகாதீர்கள்.

இறக்கம் தொடங்கும் முன்பே இரண்டாவது கியர். கொண்டை ஊசியில் தேவைப்பட்டால் முதல் கியர். இன்ஜின் பிடித்தும் வேகம் கூடினால் பிரேக்கை அழுத்தமாக மிதித்து, வேகம் குறைந்ததும் முழுசாக விடுங்கள். லேசாகத் தொட்டுக்கொண்டே வருவதுதான் ஆகாது. வாடை வந்தால் சமதளமான இடத்தில் அரை மணி நேரம் ஓரங்கட்டுங்கள். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றக் கூடாது, டிஸ்க் கோணிவிடும். சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கல்லைக் கிளம்பும்போது எடுத்து ஓரமாகப் போடுங்கள். இரவில் பைக்கில் வருகிறவன் அதில்தான் விழுவான்.

ஈரோடு: எந்த கியரில் இறங்க வேண்டும்?

மேலே சொன்னதுதான். ஏற எந்த கியர் தேவைப்பட்டதோ அதே கியர், அல்லது அதற்கும் ஒன்று கீழே.

திருப்பூர்: சார், இருபது வருடமாக நியூட்ரலில்தான் இறங்குகிறேன், சில இடத்தில் இன்ஜினையே ஆஃப் செய்துவிடுவேன். ஒன்றும் ஆனதில்லை. பெட்ரோல் மிச்சம்.

இன்ஜின் ஆஃப் ஆனால், மிதிக்கும் பலத்தைக் கூட்டித் தரும் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்குவம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். பிறகு பெடல் கல்லாகிவிடும். பவர் ஸ்டீயரிங் கனக்கும். சாவியைத் தெரியாமல் முழுசாகத் திருப்பி எடுத்துவிட்டால் ஸ்டீயரிங்கே பூட்டிக்கொள்ளும். பெட்ரோல் மிச்சம் என்பது கார்புரேட்டர் காலத்துப் பேச்சு.

கோவை: அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதே சார். இரண்டாவது கியரில் இன்ஜின் நிமிடத்துக்கு 3500 சுற்றில் அலறுகிறது, நியூட்ரலில் 800 தான். எது அதிகம் குடிக்கும்?

இந்தச் சந்தேகம் பலருக்கும் உண்டு, அதனால் விரிவாகவே சொல்கிறேன். இன்ஜெக்‌ஷன் வண்டியில் கியரில் இருந்து ஆக்ஸிலரேட்டரை முழுசாக விட்டால் கம்ப்யூட்டர் எரிபொருளையே நிறுத்திவிடும். இன்ஜினைச் சுற்றுவது சக்கரம். அலறினாலும் குடிப்பது பூஜ்யம். சுற்று 1200, 1500 பக்கம் இறங்கும்போதுதான் மறுபடி ஊற்றும். நியூட்ரலில் போட்டால் இன்ஜின் அணையாமல் இருக்கவே எரிபொருள் வேண்டும். ஆக, செலவு நியூட்ரலில்தான்.

திருப்பூர்: இன்ஜின் தேயாதா?

சுற்றின் உச்ச வரம்பான சிவப்புக் கோடு 6000-க்கு மேல் இருக்கும் பெட்ரோல் இன்ஜினுக்கு 3500 ஒரு சுமையே இல்லை.

கரூர்: நியூட்ரலில் ஸ்மூத்தாகப் போகிறதே!

வேகம் கூடுவது தெரியாமல் கூடுகிறது, அதைத்தான் ஸ்மூத் என்கிறீர்கள். நியூட்ரல் பற்றி இனி பதில் இல்லை.

மதுரை: ஆட்டோமேட்டிக் கார், ஸ்கூட்டர் என்றால்?

காரில் டி-யிலேயே விட்டால் பெரிய கியருக்கு ஏறிவிடும். எல் (L), 2, பி (B; பார்க்கிங் P அல்ல) என்று உங்கள் வண்டியில் இருப்பதைப் போடுங்கள். க்ளட்ச் பெடல் இல்லாமல் கியரைத் தானே மாற்றும் ஏஎம்டி என்றால் மேனுவல் மோடில் இரண்டாவது. எலக்ட்ரிக் கார் வைத்திருப்பவர்கள் மலை உச்சியில் 100 சதவீதம் சார்ஜ் ஏற்றி இறங்காதீர்கள். பேட்டரியில் இடமில்லாவிட்டால் ரீஜென், அதாவது மோட்டாரே வண்டியைப் பிடித்துச் சார்ஜ் ஏற்றுவது, வேலை செய்யாது. ஸ்கூட்டரில் இன்ஜின் பிடிப்பு சொற்பம்; வேகம் குறைந்தால் க்ளட்ச் விட்டு அதுவும் போய்விடும். ஆரம்பத்திலிருந்தே மெதுவாக, இரண்டு பிரேக்கும் சேர்த்து, வழியில் அடிக்கடி நிறுத்தி ஆறவிட்டு இறங்குங்கள். மூன்று பேர் வேண்டாம்.

பொள்ளாச்சி: வால்பாறை வளைவுகளில் எதிரே பஸ் வந்தால்?

ஏறுகிற வண்டிக்கே வழி. 2017 ஓட்டுநர் விதிமுறையும் இதைத்தான் சொல்கிறது. பஸ் திரும்ப முழு ரோடும் வேண்டும், பின்பக்கம் வெளியே வீசும். வளைவுக்கு முன்னாலேயே நின்றுவிடுங்கள், உள்ளே போய் மாட்டிக்கொண்டு ரிவர்ஸ் எடுக்காதீர்கள். ஹாரனுக்குப் பதில் ஹாரன் வந்தால் எதிரே ஆள் உண்டு. வராவிட்டால் ஆள் இல்லை என்று அர்த்தம் கிடையாது.

தஞ்சாவூர்: பனியில் நான்கு இண்டிகேட்டரும் போட்டு ஓட்டலாமா?

கூடாது. நிற்கும் வண்டிக்குத்தான் அது. ஓடும்போது போட்டால் நீங்கள் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்பது பின்னால் வருகிறவனுக்குத் தெரியாது. லோ பீம், இருந்தால் ஃபாக் லாம்ப்.

வேலூர்: இவ்வளவு செய்தும் பிரேக் போய்விட்டால்?

பெடலை வேகமாக விட்டு விட்டு மிதியுங்கள், சிலசமயம் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும். கூடவே ஒவ்வொரு கியராகக் கீழே இறக்குங்கள். ஹேண்ட் பிரேக்கை பட்டனை அழுத்தியபடி கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். வெடுக்கென்று இழுத்தால் பின்சக்கரம் பூட்டி வண்டி சுழலும். அதற்கும் நிற்காவிட்டால் மலைப்பக்கச் சுவரிலோ மண்மேட்டிலோ பக்கவாட்டாக உரசுங்கள். பள்ளத்துப் பக்கம் ஒருபோதும் ஒதுங்காதீர்கள். கதவும் பம்பரும் போகட்டும்.

நாமக்கல்: அண்ணா, இறங்கும்போது எந்த கியர்?

ஈரோட்டுக்காரருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

சென்னை: கல்லட்டி வழியாக ஊட்டியிலிருந்து மசினகுடி இறங்கலாமா?

அந்த 36 வளைவுகளில் பிரேக் போய்ப் பள்ளத்தில் விழுந்த வண்டிகளால்தான் வெளியூர் வண்டிகள் இறங்கத் தடை வந்தது. செக்போஸ்ட்டில் கெஞ்சாதீர்கள். கூடலூர் சுற்றி இறங்குங்கள், இரண்டாவது கியரில்.