நிஞ்ஜா டர்டில் ராஃபேலுக்கு ஆயுதம் சாய்-ஆ, தோன்ஃபாவா? (கோத்தகிரி பள்ளி மாறுவேடப் போட்டி)

ராஃபேல் வேடத்துக்கு நீங்கள் நினைப்பது சாய் (மூன்று முனைக் குத்துவாள்), பையன் கேட்பது தோன்ஃபா (பக்கவாட்டில் கைப்பிடி வைத்த தடி); ராஃபேல் முன்கோபி என்கிறீர்கள் நீங்கள், பொறுப்பான அண்ணன் என்கிறான் அவன். அவன் கேட்கும் தோன்ஃபாவே செய்து கொடுங்கள். அவன் சொல்வதும் சரி, நீங்கள் காமிக்ஸில் படித்த முன்கோபியும் சரி.

அவன் பார்ப்பது 2018இல் தொடங்கிய நிஞ்ஜா டர்டில்ஸ் (நான்கு ஆமைச் சகோதரர்கள்) தொடராகத்தான் இருக்கும். அதில் ராஃபேல்தான் மூத்தவன், அணித் தலைவன், தம்பிகளுக்காகப் பதறுகிறவன். ஒரு படத்தைக் காட்டச் சொல்லிப் பாருங்கள்: மற்ற மூவரைவிட உடம்பு மிகப் பெரிதாக, ஓடு முள்முள்ளாக இருந்தால் சந்தேகமே இல்லை.

கோபக்கார ராஃபேல் 1984 காமிக்ஸிலிருந்து வருகிறவன். 1985இல் வந்த தனி இதழில், பயிற்சிச் சண்டையில் வெறியேறி சகோதரன் மைக்கலாஞ்சலோவையே அடிக்கப் போய், தன்னைக் கண்டே மிரண்டு வெளியேறுவான். 1987 கார்ட்டூனில் அந்தக் கோபம் வெறும் கிண்டலானது. 1990 திரைப்படம் அதை மீட்டது. எனக்கு அந்தப் படத்து ராஃபேல்தான் உயிர். வளர்த்த குரு ஸ்பிளின்டரைப் பறிகொடுத்த வலி அவன் கத்தலில் அப்படியே கேட்கும். வீடியோ கேம்களில் குணத்துக்குப் பெரிய இடமில்லை. சாய் குட்டை, கிட்டே போய்த்தான் அடிக்க வேண்டும்.

ஒன்று கவனியுங்கள். பழைய காமிக்ஸ் அட்டைகளில் நால்வருக்குமே சிவப்பு முகமூடிதான். நடுவர் பழைய வாசகர் என்றால் சிவப்புத் துணி மட்டும் போதாது, ஆயுதம்தான் அடையாளம். அட்டையில் செய்து முழுக்க செலோடேப் சுற்றிவிடுங்கள், கோத்தகிரி மூடுபனியில் வெறும் அட்டை நமத்துவிடும்.