பெயர் தெரியாத சாக்ஸபோனை நம்பி வாங்கலாமா?

கேள்வி: இணையத்தில் ஆல்டோ சாக்ஸபோன் ஒன்று மலிவாக வருகிறது. கேள்விப்படாத பெயர். ஆனால் உடம்பெல்லாம் அழகான பூவேலை. வாங்கலாமா?

பதில்: பூவேலையை வைத்தும் முடிவு செய்யாதீர்கள், பெயரை வைத்தும் முடிவு செய்யாதீர்கள். ஒரே தொழிற்சாலை பல பெயர்களைப் பொறித்துக் கொடுப்பது இந்தத் தொழிலில் பழைய வழக்கம். அமெரிக்காவின் கான் நிறுவனமே 1920களில் பிறர் பெயரில் சாக்ஸபோன் செய்து கொடுத்திருக்கிறது. அவற்றில் நல்ல கருவிகளும் உண்டு. சிக்கல் என்னவென்றால், இன்று இந்தப் பெயரில் வருவதும் அடுத்த வருடம் இதே பெயரில் வருவதும் வேறு வேறு தொழிற்சாலைச் சரக்காக இருக்கலாம். சாக்ஸபோன் பழுது பார்ப்பவர் ஒருவரிடம் விளம்பரத்தைக் காட்டி, "இதைக் கொண்டுவந்தால் வேலை செய்து தருவீர்களா?" என்று கேளுங்கள். அவர் தயங்கினால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: தங்க நிற லேக்கர், புரொஃபஷனல் தரம் என்று போட்டிருக்கிறார்களே?

பதில்: லேக்கர் என்பது பித்தளை கறுக்காமல் இருக்கப் பூசுவது. புரொஃபஷனல் என்று யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம்.

கேள்வி: மகளுக்கு வாங்கினோம். கீழ் ஸ்வரங்கள் வரவே இல்லை. ஆசிரியர் ஊதினாலும் திக்குகிறது. விற்றவரோ, "குழந்தைக்கு ஊதத் தெரியவில்லை" என்கிறார்.

பதில்: முதல் வேலையாக, தப்பு அவள் மேல் இல்லை என்று மகளிடம் சொல்லுங்கள். ஊதி ஊதித் தோற்று, தனக்கு இசையே வராது என்று குழந்தைகள் ஒதுங்கிவிடுவார்கள். இந்த வியாபாரத்தில் எனக்கு ஆறாத கோபம் அதுதான்.

கருவியின் அடி ஸ்வரமான கீழ் பி ஃபிளாட் ஒலிக்க எல்லா பேடுகளும், அதாவது துளைகளை மூடும் தோல் மெத்தைகளும், மூட வேண்டும். மேலே எங்கோ ஒரு பேட் மயிரிழை திறந்திருந்தாலும் போதும், கீழ் ஸ்வரம் குழறும், இல்லாவிட்டால் மேல் ஸ்தாயிக்குத் தாவிவிடும். இருட்டறையில் மெல்லிய எல்இடி விளக்குப் பட்டை ஒன்றைக் கருவிக்குள் விட்டு, கீகளை, அதாவது பேடுகளை இயக்கும் விரல் கட்டைகளை, லேசாக மூடிப் பாருங்கள். பலமாக அமுக்கினால் கசிவு மறைந்துவிடும். பேட் விளிம்பில் எங்கே வெளிச்சம் தெரிகிறதோ அதைப் படம் எடுங்கள். ஆசிரியர் தன் மவுத்பீஸையும் (வாயில் வைத்து ஊதும் முனை) ரீடையும் (அதில் கட்டும் நாணல் பட்டை) மாட்டி ஊதுவதையும் வீடியோ எடுங்கள். திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் இரண்டையும் சேர்த்து எழுத்தில் புகார் கொடுங்கள். அதுவரை யாரையும் திருகாணியில் கைவைக்க விடாதீர்கள், "நீங்கள்தான் கழற்றிக் கெடுத்தீர்கள்" என்று சொல்ல இடம் கொடுக்கக் கூடாது. விற்றவர், "கொஞ்சம் பணம் தருகிறேன், கருவியை வைத்துக்கொள்ளுங்கள்" என்றால் சம்மதிக்க வேண்டாம். மலிவான கருவிக்குப் பேட் முழுவதும் மாற்றும் செலவு கருவியின் விலையையே தாண்டிவிடும். அவர் திருப்பி எடுக்க மறுத்தால் விற்பனைத் தளத்திடம் போங்கள், கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடமும் போங்கள்.

கேள்வி: நூற்றுக்கணக்கில் ஐந்து நட்சத்திர விமர்சனங்கள் இருக்கின்றன. அது போதாதா?

பதில்: போதாது. அவற்றைத் திறந்து படித்தீர்களா? "பெட்டி பத்திரமாக வந்தது", "பளபளப்பாக இருக்கிறது", "பேரனுக்குப் பிடித்தது" என்றுதான் பெரும்பாலும் இருக்கும். பெட்டியைப் பிரித்த அன்று எழுதியவை. சாக்ஸபோனின் குறை அன்று தெரியாது. கீகளுக்குப் போட்ட உலோகம் மெத்தென்று இருந்தால் தினசரி விரல் அழுத்தத்திலேயே மெல்ல வளையும். வளைந்தால் பேட் துளையில் நேராக உட்காராது. ஸ்பிரிங் தளரும், கீகள் சடசடக்கும். இதெல்லாம் சில மாதம் வாசித்த பிறகுதான் வெளியே வரும். அப்போது விமர்சனத்தைத் திருத்தி எழுதுபவர்கள் மிகக் குறைவு. நான் இணையத்தில் வாங்கிய ஒரு டெனர் சாக்ஸபோன் (ஆல்டோவை விடப் பெரியது) முதல் வாரம் நன்றாகவே பாடியது. அப்புறம் பழுது பார்ப்பவர் நிமிர்த்தித் தந்த கீகள் திரும்பத் திரும்ப வளைந்தன. விற்றவர், "பயன்படுத்திய பொருளை எடுக்க மாட்டோம்" என்று முடித்துவிட்டார். வாசித்துப் பார்க்காமல் ஒரு வாத்தியத்தின் குறையை எப்படிக் கண்டுபிடிப்பதாம்? ஆகவே மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்களைத் தேடிப் படியுங்கள். ஆறு மாதம் கழித்து எழுதியவர் ஒருவர் கிடைத்தால், மற்ற நூறு பேரை விட அவர் சொல்வதை நம்பலாம்.

கேள்வி: பழைய டெனர் என்று நினைத்து வாங்கினேன். குழுவில் யாரோடும் சுருதி சேரவில்லை. விளம்பரத்தில் "சி மெலடி" என்று இருந்ததை இப்போதுதான் கவனித்தேன். ஏமாற்றிவிட்டார்கள் அல்லவா?

பதில்: இல்லை. எழுதியிருந்ததை நீங்கள் படிக்கவில்லை. டெனர் பி ஃபிளாட் கருவி, இது சி: தாளில் சி என்று எழுதியதை வாசித்தால் டெனரில் பி ஃபிளாட் ஒலிக்கும், இதில் சியே ஒலிக்கும். டெனருக்கு எழுதிய பாகத்தை இதில் அப்படியே வாசித்தால் சேராது. கருவியில் குற்றமில்லை, ஸ்வரங்களை மாற்றி எழுதிக்கொண்டு வாசியுங்கள். பழையது வாங்குகிற மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை: வரிசை எண்ணுக்குப் பக்கத்தில் "எச்" அல்லது "எச்பி" என்று பொறித்திருந்தால் வாங்க வேண்டாம். அது இன்றைய பொதுச் சுருதியை (ஏ ஸ்வரம் 440 ஹெர்ட்ஸ்) விடக் கிட்டத்தட்ட அரை ஸ்வரம் உயர்ந்த பழைய சுருதிக்குச் செய்தது. மவுத்பீஸை வெளியே இழுத்துச் சுருதியைக் குறைத்தாலும் துளைகளின் இடைவெளி மாறாது, அதனால் எல்லா ஸ்வரங்களும் ஒன்றாகச் சேராது.

கேள்வி: மவுத்பீஸ், ரீட், கையுறை எல்லாம் இலவசமாகத் தருகிறார்கள். லாபம்தானே?

பதில்: கூட வருகிற மவுத்பீஸ் பெரும்பாலும் மோசமாகவே இருக்கும். யமஹா 4சி ஒன்று தனியாக வாங்கிக்கொள்ளுங்கள், கற்றுக்கொள்பவருக்கு அது போதும். கையுறையால் ஒரு பயனும் இல்லை.