வெள்ளரிக்காய் கோசுமல்லி பரிமாறுவதற்குள் தண்ணீர் விட்டுவிடுகிறதே, எப்படிச் செய்ய வேண்டும்?

உப்பு போடும் நேரம்தான் தவறு. வெள்ளரிக்காயில் ஏறத்தாழ 95 சதவீதம் நீர். நறுக்கிய துண்டில் உப்புப் பட்டதுமே அந்த நீர் கசிய ஆரம்பிக்கும். கொஞ்ச நேரத்தில் கிண்ணத்தின் அடியில் தேங்கிவிடும். அதனால் இலை போட்ட பிறகுதான் உப்பும் எலுமிச்சைச் சாறும் சேர வேண்டும்.

நான்கு பேருக்கு: பாசிப்பருப்பு கால் கப், நடுத்தர வெள்ளரிக்காய் இரண்டு, சின்ன கேரட் ஒன்று, தேங்காய்த் துருவல் 2 மேசைக்கரண்டி, பச்சை மிளகாய் ஒன்று, கொத்தமல்லித்தழை கொஞ்சம், எலுமிச்சைச் சாறு 2 தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி.

பருப்பை நன்றாகக் களைந்து, பச்சைத் தண்ணீரில் 30 முதல் 45 நிமிடம் ஊறவிடுங்கள். நகத்தால் கிள்ளினால் பட்டென்று உடைய வேண்டும், அதுதான் பதம். அவசரத்துக்கு வெந்நீரில் போட்டால் மேலே குழைந்து உள்ளே கடுக்கென்று நிற்கும். வெயில் காலத்தில் மணிக்கணக்கில் ஊறினால் புளித்த வாடை வந்துவிடும். ஊறியதும் வடிகட்டியில் கொட்டிப் பத்து நிமிடம் அப்படியே விடுங்கள். பலரும் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். பருப்போடு ஒட்டி வரும் தண்ணீரே கோசுமல்லியைப் பாதி சொதசொதப்பாக்கிவிடும்.

வெள்ளரிக்காயின் காம்புப் பக்கத்தில் ஒரு துண்டு நறுக்கி வாயில் போட்டுப் பாருங்கள். லேசான கசப்பு என்றால் அந்தப் பக்கத்தைத் தாராளமாக வெட்டி, தோலையும் சீவிவிட்டு மறுபடி ருசி பாருங்கள். அப்போதும் கசந்தால் அந்தக் காயையே ஒதுக்கிவிடுங்கள். உப்போ எலுமிச்சையோ அந்தக் கசப்பை எடுக்காது, அதிகக் கசப்பான காய் வயிற்றுக்கும் ஆகாது. விதை முற்றியிருந்தால் நீளவாக்கில் பிளந்து, நடுவில் உள்ள கொழகொழப்பைக் கரண்டியால் வழித்துவிடுங்கள். (அதை மிக்சியில் அடித்து நீர்மோரில் கலந்துவிடலாம், வீணாக்க வேண்டாம்.) பிறகு பருப்பைவிடச் சற்றே பெரிய துண்டுகளாக, கூரான கத்தியால் நறுக்குங்கள். மழுங்கிய கத்தி காயை நசுக்கும், சாறு அப்போதே இறங்கிவிடும். கேரட்டைத் துருவலாம்; வெள்ளரிக்காயைத் துருவவே கூடாது.

ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெயில் கடுகு வெடித்ததும் கறிவேப்பிலை, ஒரு சிட்டிகை பெருங்காயம் போட்டு இறக்கி, முழுக்க ஆறவிடுங்கள். சூடாகக் கொட்டினால் வெள்ளரிக்காய் வதங்கி மொறுமொறுப்பு போய்விடும். பருப்பு, காய், தேங்காய், மிளகாய், கொத்தமல்லியோடு ஆறிய தாளிப்பைக் கலந்து வையுங்கள். உப்பும் சாறும் கடைசியில்.

மாங்காய் கிடைக்கும் பங்குனி, சித்திரையில் எலுமிச்சையை விட்டுவிட்டு, பொடியாக நறுக்கிய புளிப்பு மாங்காய் 2 மேசைக்கரண்டி போடுவதே மேல். புளிப்பு துண்டிலேயே நிற்கும், கூடுதல் ஈரமும் சேராது. ராமநவமிப் படையலுக்கு வைக்கும் வடைப்பருப்பும் கிட்டத்தட்ட இதே பக்குவம்தான், காய் குறைவு, பருப்பு தூக்கல்.

முன்கூட்டியே செய்ய வேண்டுமென்றால் பருப்பையும் காயையும் தனித்தனியாக மூடி ஃபிரிட்ஜில் மூன்று மணி நேரம் வரை வைக்கலாம். தேங்காயை மட்டும் அப்போதைக்கப்போது துருவிக்கொள்ளுங்கள். உப்புப் போட்டுக் கலந்ததை எடுத்து வைக்க வேண்டாம், அரை மணி நேரத்தில் சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.