எடுபிடி என்று ஒரு சொல்

கேள்வி: அமெரிக்கக் கால்பந்தில் சூப்பர் பவுல் என்னும் இறுதிக் கோப்பையை நான்கு முறை வென்ற பயிற்சியாளர் சக் நோல், ஆடிய காலத்தில் வெறும் எடுபிடிதானாமே? அப்படிப்பட்டவர் எப்படிப் பெரிய பயிற்சியாளர் ஆனார்?

பதில்: ‘வெறும்’ என்பதைக்கூட மன்னித்துவிடுவேன், ‘எடுபிடி’தான் உறுத்துகிறது. நானும் ஆசிரியரின் அறைக்கும் அச்சுக்கோப்பவரின் மேசைக்கும் இடையே மெய்ப்புத் தாள்களைச் சுமந்து படியேறி இறங்கித்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். கற்றதெல்லாம் அந்தப் படிக்கட்டில் நின்று படித்ததுதான்.

1953-இல், அணிகள் முறைவைத்துப் புது ஆட்டக்காரர்களை எடுக்கும் ஆண்டுத் தேர்வில், கிளீவ்லண்ட் பிரவுன்ஸ் அணி இருபதாவது சுற்றில் எடுத்த நோல், முன்வரிசையில் எதிரணியைத் தடுத்து நிற்கும் ‘கார்டாக’ ஆடினார். பயிற்சியாளர் பால் பிரவுன் வைத்திருந்த முறைப்படி, ஒவ்வொரு முறை பந்து நின்றதும் ஒரு கார்டு வெளியே வர, எல்லைக்கோட்டருகே காத்திருக்கும் மற்றொருவர் அடுத்த உத்தியைப் பிரவுனின் வாயிலிருந்து கேட்டுக்கொண்டு உள்ளே ஓடி, களத்தில் தாக்குதலை நடத்தும் ஆட்டக்காரரான குவார்ட்டர்பேக்கிடம் சொல்லிவிட்டு, அதே மூச்சில் குனிந்து நின்று எதிரே இருப்பவரை மோதித் தடுக்க வேண்டும். 1956-இல் இந்த ஓட்டத்தை ஒழிக்க எண்ணிய பிரவுன், குவார்ட்டர்பேக்கின் தலைக்கவசத்துக்குள் வானொலிக் கருவியைப் பொருத்திப் பார்த்தார். லீகின் ஆணையர் பெர்ட் பெல் தடை போட்டதும் கார்டுகள் மறுபடியும் ஓடினார்கள். (எங்கள் அலுவலகத்தில் மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் வைத்த தொலைபேசிக்குத் தடை தேவைப்படவில்லை, மூன்றாம் நாள் அதுவாகவே ஊமையானது, நான் படியேறினேன்.)

தம்மைத் ‘தூதுப் பையன்’ என்றால் நோலுக்குப் பிடிக்காது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அது நியாயமே. ஏழு பருவங்கள் ஒரு பெரிய மூளை எந்த நிலைமையில் எந்த உத்தியை எடுக்கிறது என்பதைக் காதால் கேட்டு, அது பலிக்கிறதா என்பதைத் தோளால் அறிந்தவர் அவர். 27 வயதில் ஆட்டத்தை விட்டு, சிட் கில்மனிடமும் டான் ஷூலாவிடமும் துணைப் பயிற்சியாளராக இருந்து, 1969-இல் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸுக்கு வந்தார். முதல் பருவத்தில் முதல் ஆட்டத்தை வென்ற அணி, மீதிப் பதின்மூன்றிலும் தோற்றது. பெரிய ஆட்டக்காரரே பெரிய பயிற்சியாளர் ஆவார் என்று எனக்கு ஆண்டுதோறும் கடிதம் எழுதும் வாசகர் அன்று பிட்ஸ்பர்க்கில் இருந்திருந்தால், நோலை அந்த டிசம்பரிலேயே வீட்டுக்கு அனுப்பியிருப்பார். நல்லவேளையாக, அணியை நடத்திய ரூனி குடும்பத்தாருக்குப் பொறுமை இருந்தது. 1974-ஆம் ஆண்டின் ஒரே தேர்வில் ஸ்வான், லாம்பர்ட், ஸ்டால்வொர்த், வெப்ஸ்டர் என்று பின்னாளில் புகழ் மண்டபம் ஏறிய நால்வரை அணி எடுத்தது. அந்தப் பருவம் தொடங்கி ஆறு பருவங்களில் நான்கு கோப்பைகள் வந்தன.

அந்த நான்கு கோப்பைகளின் காலத்தில் குவார்ட்டர்பேக் டெர்ரி பிராட்ஷா தம் உத்திகளைப் பெரும்பாலும் களத்தில் தாமே சொல்லிக்கொண்டார். நோல் எல்லைக்கோட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கார்டுகள் எவரும் அவரிடம் ஓடிவரவில்லை.