தையலோ டிசைனிங்கோ படிக்காதவர் ஃபேஷன் இதழின் ஆசிரியர் ஆக முடியுமா? பத்தியும் எழுதலாமா?

முடியும். பிரிட்டிஷ் வோக் இதழை 1992 முதல் 2017 வரை நடத்திய அலெக்ஸாண்ட்ரா ஷுல்மன் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் படித்தது சமூக மானிடவியல். டாட்லர், சண்டே டெலிகிராஃப் என்று பத்திரிகை வேலை பார்த்தார். 1990-ல் ஆண்கள் இதழான ஜிக்யூவின் ஆசிரியரானார். வோக்கின் ஆசிரியர் நாற்காலி அதற்கப்புறம்தான்.

பலரும் குழப்பிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. ஃபேஷன் எடிட்டர் வேறு, இதழின் ஆசிரியர் வேறு. உடைகளை வரவழைத்துப் படப்பிடிப்பு நடத்துவது முன்னவர் வேலை. எந்தப் பக்கம் நிற்கும், எது போகும், அட்டையில் யார் என்று தீர்மானிப்பவர் பின்னவர்.

தினசரி, வார இதழ்களில் பழகியவர்களையும் திணறவைப்பது காலக்கணக்கு. குளிர்கால உடைகள் பிப்ரவரி, மார்ச்சில் ஃபேஷன் ஷோ மேடை ஏறும். செப்டம்பர் இதழ் ஆகஸ்டிலேயே கடைக்கு வந்துவிடும் என்பதால், கம்பளிக் கோட்டை நல்ல வெயிலில் படம்பிடிக்க வேண்டியிருக்கும். அந்தக் கோட்டில் அப்போது இருப்பது ஒன்றிரண்டு சாம்பிள்தான், அதாவது மேடைக்காக முதலில் தைத்த மாதிரி உடை. பல நாட்டு இதழ்கள் அதற்கு வரிசையில் நிற்கும். ஓரிரு நாள் கையில் இருக்கும், உடனே அடுத்த ஊருக்கு அனுப்பியாக வேண்டும். கூரியர் ஒரு நாள் பிந்தினால் அந்த உடை இல்லாமலே படப்பிடிப்பு நடக்கும். இரவல் பொருள் என்பதால் காலணியின் அடியில்கூட டேப் ஒட்டித்தான் மாடலுக்குப் போடக் கொடுப்பார்கள்.

பெரிய தலைவலி சாம்பிளின் அளவு. அது மேடையில் நடந்த மாடலின் உடம்புக்குத் தைத்தது. தொளதொளவென்று இருந்தால் முதுகுப் பக்கம் கிளிப் போட்டு இறுக்கலாம், படத்தில் தெரியாது. சின்னதாக இருந்தால் வழியே இல்லை. அதனால் உடைக்கு ஏற்ற ஆளைத் தேடும் கூத்து நடக்கிறது. சாம்பிள்கள் இப்படிச் சுருங்கிக்கொண்டே போவதைக் கண்டித்து 2009-ல் ஷுல்மன் முன்னணி டிசைனர்களுக்குக் கடிதம் எழுதினார். மாடல்களைக் கொஞ்சம் சதைப்பிடிப்பாகக் காட்டப் படங்களைத் திருத்த வேண்டியிருக்கிறது என்றும் அதில் சொல்லியிருந்தார். எல்லாரும் நினைப்பதற்கு நேர்மாறான திருத்தம்!

அளவு சேராததால் நல்லது நடந்ததும் உண்டு. அமெரிக்க வோக்கின் ஆசிரியராக அன்னா விண்டூரின் முதல் அட்டை, 1988 நவம்பர்: பிரெஞ்சு டிசைனர் லக்ருவாவின் விலையுயர்ந்த ஜாக்கெட், கீழே சாதாரண ஜீன்ஸ். ஜாக்கெட்டின் ஜோடிப் பாவாடை மாடலுக்குப் பொருந்தவில்லை, அவ்வளவுதான் காரணம். ஏதோ தவறு என்று நினைத்து அச்சகத்தார் தொலைபேசியில் கேட்டார்களாம்.

இனி பத்தி. ஆசிரியர் பக்கத்தையும் பத்தியையும் ஒன்றாக நினைக்காதீர்கள். ஆசிரியர் பக்கம் உள்ளே இருக்கும் கட்டுரைகளுக்கு வாசலில் நின்று கைகாட்டுவது. அதில் ஒரு நிறுவனத்தின் உடை சரியில்லை என்று எழுதுவது கடினம்; பளபளப்புத் தாள் இதழ்கள் பெரிதும் விளம்பரத்தில் வாழ்பவை. பிடிக்காததைப் பக்கத்தில் சேர்க்காமல் விடுவதுதான் ஆசிரியரின் விமர்சனம். வெளிப்படையாகச் சொல்ல வேண்டுமானால் நாளிதழ்ப் பத்தியே தோது. வோக்கை விட்ட பிறகு ஷுல்மன் மெயில் ஆன் சண்டே நாளிதழில் பத்தி எழுதினார்.

தொடங்குபவர்கள் ஒரே ஒரு உடையை எடுத்துக்கொண்டு 800 சொல் எழுதிப் பாருங்கள். என்ன துணி, எங்கே தைத்தது, இந்த நீளம் இப்போது ஏன் வருகிறது, யார் வாங்குவார்கள். விலையையும் கடையின் பெயரையும் இருமுறை சரிபாருங்கள். வாசகர் கடிதம் முதலில் அதற்குத்தான் வரும். பிறகு, நிறுவனத்தின் செய்திக்குறிப்பிலிருந்து ஒட்டிக்கொண்ட சொற்களையெல்லாம் அடியுங்கள். "காலத்தால் அழியாத", "நேர்த்தியான" எல்லாம் அங்கிருந்து வந்தவைதான். அடித்தபின் பாதிக்கட்டுரை காணாமல் போனால், அந்த உடையை இன்னும் சரியாகப் பார்க்கவில்லை என்று பொருள். திரும்பப் போய்த் தையலைப் புரட்டிப் பாருங்கள்.