‘எ டைம் ஃபார் ட்ரங்கன் ஹார்சஸ்’ படத்தின் தலைப்பில் குதிரைகள் ஏன் குடித்திருக்கின்றன?

படத்தில் வருபவை கோவேறு கழுதைகள். ஈரான்-ஈராக் எல்லை மலைகளில் குர்து மக்கள் அவற்றின் முதுகில் லாரி டயர்களைக் கட்டிக் கடத்துகிறார்கள். உறைபனியில் அவை நடக்க மறுக்கும். அதனால் குடிக்கிற தண்ணீரில் சாராயத்தைக் கலந்துவிடுவார்கள்.

ஈரானிய இயக்குநர் பஹ்மான் கொபாதியின் முதல் முழுநீளப் படம் இது. 2000-இல் கான் திரைப்பட விழாவில் பரிசு பெற்றது. நடித்தவர்கள் பெரும்பாலும் அந்தப் பகுதி மக்களே. தாயும் இல்லை, அப்பாவும் கண்ணிவெடிக்குப் பலியானபின் குடும்பப் பாரம் சிறுவன் அயூப் தலையில் விழுகிறது. வளர்ச்சி நின்றுபோன சகோதரன் மாதிக்கு அறுவைசிகிச்சை செய்ய வேண்டும். அந்தச் செலவை மாப்பிள்ளை வீட்டார் ஏற்பார்கள் என்று நம்பி அக்கா ரோஜின் கல்யாணத்துக்குச் சம்மதிக்கிறாள். எல்லையில், கொட்டும் பனியில், மாமியார் மாதியை ஏற்க மறுத்து, பதிலுக்கு ஒரு கோவேறு கழுதையைக் கொடுத்து அனுப்புகிறாள். (அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து நடந்தேன்.)

சரி, தலைப்புக்கு வருவோம். துப்பாக்கிச் சத்தம் கேட்டு எல்லோரும் ஓடும்போது, போதை ஏறிய கழுதைகள் பனியில் விழுந்து கிடக்கின்றன. எழுப்ப முடியாமல் அயூப் கதறுகிறான்.